ரோமச் செப்புக்காசை அடையாளம் காணும் முறை: முகத்தை விட்டுப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ரோமச் செப்புக்காசு ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். முகத்தைப் பார்த்து, "இது எந்த அரசர்?" என்று கேட்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நான்காம் நூற்றாண்டு அச்சுகளில் எல்லா அரசர் முகமும் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர்களும் ஒன்றின் முன்பாதி மற்றொன்றிலும் இருக்கும்படியே அமைந்தவை. முகத்தில் தொடங்கினால் ஊகம்தான் மிஞ்சும்.

நான் சொல்லித்தரும் வரிசை இது: முதலில் அளவும் எடையும், அடுத்து பின்பக்கப் படம், அப்புறம் அடிக்கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்து, பிறகு தலையில் என்ன அணிந்திருக்கிறார் என்பது, கடைசியில்தான் பெயர். ஒவ்வொரு படியிலும் சாத்தியமான ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். பெயரைப் படிக்க வேண்டிய இடத்துக்கு வரும்போது மூன்று நான்கு பேர்தான் பாக்கி இருப்பார்கள். அவர்களைப் பிரிக்க இரண்டு எழுத்து தெளிவாக இருந்தால் போதும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் கி.பி. 294 முதல் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான சிறு காசுகளைப் பற்றியது. சேகரிப்பவர்கள் கைக்கு அதிகம் வருபவை இவைதான். கரூர் அமராவதிப் படுகை, மதுரை, இலங்கை ஆகிய இடங்களில் கிடைத்த ரோமச் செப்புக்காசுகளிலும் பெரும்பகுதி நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

காசில் இருப்பது லத்தீன் எழுத்து. அதை இங்கே எஸ்-எம்-கே என்பதுபோல் எழுத்தெழுத்தாக எழுதுகிறேன். காசில் 'யு' என்ற எழுத்து கிடையாது, அந்த இடத்தில் 'வி'தான் வரும். 'ஏ' பல காசுகளில் நடுக்கோடு இல்லாமல், தலைகீழான 'வி' போலவே இருக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மேசையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று, வெர்னியர் காலிப்பர் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸே போதும். காலிப்பர் பிளாஸ்டிக்கில் இருந்தால் நல்லது, இரும்புத் தாடை காசின் விளிம்பைக் கீறிவிடும்.

இவற்றைவிட முக்கியமானது விளக்கு. அதைக் காசுக்கு நேர் மேலே பிடிக்காதீர்கள். ஒரு பக்கமாக, மேசை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். தேய்ந்த எழுத்தின் மேடு அரை மயிரிழை உயரம்தான் இருக்கும், அதன் நிழல் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும்தான் விழும். கைபேசியில் படம் எடுப்பதானாலும் காசை அசைக்காமல் விளக்கை மட்டும் நான்கு திசைக்கும் நகர்த்தி நான்கு படம் எடுங்கள். முதல் படத்தில் தெரியாத எழுத்து மூன்றாவதில் தெரியும்.

ஒரு நோட்டு வேண்டும். அதற்கு ஒரே விதி: கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை மட்டும் எழுதுங்கள், தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். "இது கான்ஸ்டன்டைனாகத்தான் இருக்கும்" என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதற்குப் பிறகு இல்லாத எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

காசு எங்கே கிடைத்தது என்பதையும் முதல் நாளே எழுதுங்கள். மண்ணில் கிடைத்தது என்றால் சட்டமும் உண்டு. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, இப்படிப்பட்ட பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எங்கே கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் ஒரு தேய்ந்த காசு சொல்லக்கூடிய செய்தியில் பாதிக்கு மேல் போய்விடும். தயவுசெய்து அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

2. புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

அதிகமான காசுகள் பாழாவது இந்த இடத்தில்தான். நம் வீடுகளில் செம்பும் பித்தளையும் மங்கினால் புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி என்று கை தானாகப் போகும். குத்துவிளக்குக்கு அது சரி. ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழைய காசுக்கு அது சாவு.

காரணம் எளிது. மண்ணில் கிடந்த செப்புக்காசின் மேல்தோல் உலோகமாக இருப்பதில்லை, களிம்பாக மாறியிருக்கும். எழுத்தும் படமும் பல காசுகளில் அந்தக் களிம்புப் படலத்தில்தான் உயிரோடு இருக்கின்றன. அமிலம் களிம்பைக் கரைத்தால் எழுத்தும் சேர்ந்து கரையும். அடியில் மிஞ்சுவது குழிவிழுந்த, செந்நிற, ஊமைத் தகடு. அதில் எந்த நிபுணரும் எதையும் படிக்க முடியாது.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: வடிநீரில் ஊறவையுங்கள். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் வடிநீரே போதும். சில நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். மண் இளகியதும் மூங்கில் பல்குத்தியால், லென்ஸில் பார்த்தபடி, மண்ணை மட்டும் தள்ளிவிடுங்கள். குழாய் நீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் உப்புகள் செம்புக்கு ஆகாது. கம்பித் தூரிகை, மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்வது, ஊசி எதுவும் வேண்டாம்.

வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் மாவுபோல் உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்கல நோய். உள்ளே தங்கிய குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட்டு, அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் கேளுங்கள். கடினமான, மினுமினுப்பான கரும்பச்சைப் படலம் நோய் அல்ல. அதை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

3. ரோமக் காசுதானா?

தமிழ்நாட்டு, இலங்கை ஆற்று மணலில் கிடைத்த வட்டச் செப்புக்காசெல்லாம் ரோமக் காசு அல்ல. சங்ககாலச் சேர, சோழ, பாண்டியர் செப்புக்காசுகளில் பெரும்பாலானவை சதுரம் அல்லது நீள்சதுரம், யானை, வில்-அம்பு, மீன் போன்ற சின்னங்களோடு இருக்கும். வட்டக் காசில் வி, ஓ, சி மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய குறி இருந்தால் டச்சுக் கம்பெனிக் காசு. நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் இருந்தால் யாழ்ப்பாண மன்னர்களுடையது.

ஒரு பக்கம் வலப்புறம் நோக்கிய மனிதத் தலை, அதைச் சுற்றி விளிம்போரமாக எழுத்து, மறுபக்கம் நிற்கிற உருவம், அதன் காலடியில் ஒரு கோடு. இந்த அமைப்பின் சாயலாவது தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். சுற்றெழுத்து லத்தீனாக இல்லாமல் முழுக்கக் கிரேக்கமாக இருந்தால், அது கிழக்கு மாகாண நகரங்கள் தாங்களே அடித்த காசு. அதற்குத் தனி அட்டவணை உண்டு, இந்த வரிசை அதற்குப் பொருந்தாது.

4. அளவு, எடை, திசை

விட்டத்தை இரண்டு இடத்தில் அளந்து பெரியதை எழுதுங்கள். காசு முழு வட்டமாக இருக்காது. எடையை இரண்டு தசமம் வரை எழுதுங்கள்.

திசை என்பது இது: தலையின் உச்சி மேலே இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாகப் புரட்டுங்கள். பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறது என்று எழுதுங்கள். ரோம அக்கசாலைகளில், அதாவது காசு அடித்த சாலைகளில், அது பெரும்பாலும் 12 அல்லது 6, ஓரிரு மணி விலகல் சாதாரணம். 3, 9 என்று வந்தால் குறித்துவையுங்கள், பிறகு போலியா பிரதியா என்று பார்க்கும்போது உதவும்.

பெரிய காசுகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 32 முதல் 35 மில்லிமீட்டர், 25 கிராம் அளவில் கனமான பித்தளைக் காசு என்றால் முதல் மூன்று நூற்றாண்டுகளின் செஸ்டெர்ஷியஸ். 25 முதல் 28 மில்லிமீட்டர், 10 முதல் 13 கிராம் என்றால் டுபோண்டியஸ் அல்லது ஆஸ். இரண்டும் களிம்பேறிய பிறகு ஒன்றுபோலவே இருக்கும். நீரோவின் காலத்திலிருந்து, தலையில் கதிர்முடி (கதிர்போல் முனைகள் நீட்டிய கிரீடம்) இருந்தால் டுபோண்டியஸ், இலைமுடி (இலைகளால் ஆன கிரீடம்) இருந்தால் ஆஸ் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கத்தில் பெரிதாக எஸ், சி என்ற இரண்டு எழுத்தும் இவற்றில் சாதாரணமாக இருக்கும். 20 மில்லிமீட்டர் அளவில், 3 அல்லது 4 கிராமில், கதிர்முடியோடு இருந்தால் மூன்றாம் நூற்றாண்டின் அன்டோனினியானஸ். கராகல்லா 215இல் தொடங்கியபோது அது வெள்ளிக்காசு. கல்லியெனஸ் காலத்துக்குள் வெள்ளி கரைந்து செம்பாகவே ஆகிவிட்டது.

இனி நம் சிறு காசுகள். 294 வாக்கில் டயோக்ளீஷியன் கொண்டுவந்த பெரிய செப்புக்காசு 10 கிராம் அளவில், 28 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. அதன் பிறகு இறங்குமுகம்தான். 318 வாக்கில் 3 கிராம், 330இல் ஏறக்குறைய 2.5 கிராம், 336க்குப் பின் ஒன்றரை கிராம். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் 12, 13 மில்லிமீட்டரில் ஒரு கிராமுக்குச் சற்று முன்பின். ஆகவே அளவே ஒரு தோராயமான காலக்கணக்கு.

ஆனால் எடையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இத்தனை ராத்தல் உலோகத்துக்கு இத்தனை காசு என்றுதான் அடித்தார்கள், ஒவ்வொரு காசையும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஒரே வகைக் காசில் ஒன்று 1.2 கிராமும் மற்றொன்று 2 கிராமும் இருப்பது இயல்பு. அரிப்பும் எடையைக் குறைத்திருக்கும்.

5. பின்பக்கப் படம்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நான்காம் நூற்றாண்டில் ஒரே பின்பக்கப் படத்தை ஒரே சமயத்தில் பல அக்கசாலைகளில், ஆட்சியிலிருந்த எல்லா அரசர் பெயரிலும் அடித்தார்கள், சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். அதனால் படம் தெரிந்தால் காலம் தெரியும். காலம் தெரிந்தால் அப்போது ஆட்சியில் இருந்த மூன்று நான்கு பேருக்கு மேல் யாரும் இருக்க முடியாது. படம் பெரியது, எழுத்து சிறியது, தேய்ந்த காசிலும் படத்தின் உருவரை நிற்கும். அதனால்தான் படம் முதலில்.

அடிக்கடி வருபவற்றைக் கால வரிசையில் சொல்கிறேன்.

தலையில் மரக்கால் போன்ற கூடை, கையில் தட்டு, மறுகையில் கொம்பு, பெரிய காசு: 294க்குப் பிந்தைய ரோம மக்களின் காவல் தெய்வம். கதிர்முடியோடு கை உயர்த்தி நிற்கும் சூரியன்: 310களில் கான்ஸ்டன்டைன் காசுகளில் மிகுதி. இரண்டு சிறகுத் தேவதைகள் பலிபீடத்தின் மேல் கேடயம் பிடிப்பது: 318 முதல் 320. மேலே இரண்டு மூன்று கோபுரம், நடுவே ஒரு நட்சத்திரம், செங்கல் அடுக்கிய கோட்டைவாசல்: 324 முதல் 330.

அடுத்தது, எண்ணிக்கையில் முதலிடம் பிடிக்கும் வகை: இரண்டு படைவீரர்கள் எதிரெதிரே நிற்க, நடுவே படைக்கொடி. கொடிக்கம்பங்களை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் 330 முதல் 335. ஒன்றே இருந்தால் 335 முதல் 341 வாக்கில். தேய்ந்த காசில் இரண்டு கம்பம் ஒன்றுபோல் தெரியும். உச்சியில் இருக்கும் கொடியின் அகலத்தைப் பாருங்கள், வீரர்களுக்கு இடையே உள்ள இடைவெளியையும் பாருங்கள். ஒற்றைக் கொடிக் காசு அளவிலும் சிறியது, 15 அல்லது 16 மில்லிமீட்டர்.

அதே 330களில் அரசரே இல்லாத இரண்டு காசுகள் உண்டு. முன்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த உருவம், பின்பக்கத்தில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் பெண் ஓநாய் என்றால், அது ரோம் நகரைக் குறித்த காசு. தலைக்கவச உருவமும், பின்பக்கத்தில் கப்பல் முனையில் கால் வைத்த சிறகுத் தேவதையும் என்றால், கான்ஸ்டான்டினோபிள் நகரைக் குறித்தது. முகத்தில் தொடங்குபவர்கள் இந்த இரண்டிலும் நாள்கணக்கில் அரசரைத் தேடுவார்கள். அங்கே இருப்பது நகரத்தின் உருவகம், அரசர் அல்ல.

முக்காடு போட்ட தலை, பின்பக்கத்தில் நான்கு குதிரைத் தேர், மேலிருந்து நீளும் ஒரு கை: 337இல் இறந்த கான்ஸ்டன்டைனின் நினைவாக அவர் மகன்கள் அடித்தது. குதிரையிலிருந்து விழும் எதிரியை ஈட்டியால் குத்தும் வீரன்: 348க்குப் பிந்தையது, 350கள் முழுக்க அளவு சுருங்கிக்கொண்டே வரும். கையில் உருண்டையும் ஈட்டியும் ஏந்தித் தனியே நிற்கும் அரசர், 15 அல்லது 16 மில்லிமீட்டர்: 355 முதல் 361 வாக்கில்.

364 முதல் 378 வரை இரண்டு வகை மலைபோல் கிடைக்கின்றன. ஒன்றில் அரசர் கைதியைத் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறார். மற்றதில் சிறகுத் தேவதை மாலையும் ஓலைக் கிளையும் ஏந்தி இடப்பக்கம் நடக்கிறாள்.

நூற்றாண்டின் கடைசியில் வரும் குட்டிக் காசிலும் சிறகுத் தேவதைதான் இடப்பக்கம் நடப்பாள். ஆனால் தோளில் வெற்றிக் கம்பம் (எதிரியின் ஆயுதங்கள் மாட்டிய கம்பம்) இருக்கும், பின்னால் ஒரு கைதியை இழுத்துச் செல்வாள், இடப்பக்க வெளியில் 'பி' எழுத்தின் குறுக்கே 'எக்ஸ்' போட்ட கிறிஸ்தவக் குறி இருக்கும். இந்தத் தேவதையையும் 364ஆம் ஆண்டுத் தேவதையையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் பார்த்ததே இல்லை. அளவைப் பாருங்கள்: முன்னது 17, 18 மில்லிமீட்டர், பின்னது 12 முதல் 14. தென்னிந்திய, இலங்கைக் காசுகளைப் பார்ப்பவர்கள் இந்தக் குட்டி வகையை முதலில் பழகிக்கொள்ள வேண்டும். மூன்று அரசர்கள் நேராக நிற்க, நடுவில் இருப்பவர் குள்ளமாக இருந்தால் 406 முதல் 408. நடுவில் நிற்பது சிறுவனான இரண்டாம் தியோடோசியஸ்.

ஒரு எச்சரிக்கை. சுற்றெழுத்தை மட்டும் வைத்துப் பின்பக்கத்தை முடிவு செய்யாதீர்கள். 'ரோமர்களின் புகழ்' என்ற ஒரே வாசகம் கைதியை இழுக்கும் அரசருக்கும் வருகிறது, மூன்று அரசர் நிற்கும் காசுக்கும் வருகிறது. வாசகமும் படமும் அளவும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

6. அடிக்கோட்டுக்குக் கீழே

பின்பக்க உருவத்தின் காலடிக் கோட்டுக்குக் கீழே உள்ள சிறு இடத்தில் அக்கசாலையின் பெயர்ச்சுருக்கம் இருக்கும். காசு அடித்த தகடு அச்சைவிடச் சிறியதாக இருந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்த இடம்தான், ஆகவே கிடைக்கிற எழுத்தையெல்லாம் கவனமாக எழுதுங்கள்.

மேற்கில்: டி-ஆர் என்றால் ட்ரியர், பி-எல்-ஜி லியோன், ஏ-ஆர்-எல் ஆர்ல், ஆர் மட்டும் என்றால் ரோம், ஏ-கியூ அக்விலேயா, எஸ்-ஐ-எஸ் சிஸ்கியா. கிழக்கில்: டி-எஸ் அல்லது டி-ஈ-எஸ் தெசலோனிக்கா, எஸ்-எம்-எச் ஹெராக்ளியா, சி-ஓ-என்-எஸ் கான்ஸ்டான்டினோபிள், எஸ்-எம்-என் நிக்கோமீடியா, எஸ்-எம்-கே சைசிகஸ், எஸ்-எம்-ஏ-என் அல்லது ஏ-என்-டி அந்தியோக்கியா, ஏ-எல்-ஈ அலெக்சாந்திரியா.

இதோடு ஒட்டி வரும் ஓர் எழுத்து அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை என்பதைச் சொல்லும். மேற்கில் பெரும்பாலும் பி, எஸ், டி, கியூ, அதாவது முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் பட்டறை. கிழக்கில் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று கிரேக்க எழுத்தே எண்ணாக வரும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. முதலாவது சி-ஓ-என். ஆர்ல் நகரத்துக்கு 328இல் கான்ஸ்டன்டீனா என்று பெயர் மாற்றினார்கள், அதனால் அங்கே அடித்த காசிலும் சி-ஓ-என்-எஸ்-டி வரும். பட்டறை எழுத்து பி, எஸ் என்று முன்னால் வந்தால் ஆர்ல். கிரேக்க எழுத்து பின்னால் வந்தால் கான்ஸ்டான்டினோபிள். இரண்டாவது, எஸ்-எம்-என், எஸ்-எம்-எச். தேய்ந்த காசில் 'என்' எழுத்தும் 'எச்' எழுத்தும் இரண்டு செங்குத்துக் கோடாகத்தான் நிற்கும். நடுவில் உள்ள கோடு சாய்வா கிடையா என்பதை விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தெரியவில்லை என்றால் "நிக்கோமீடியா அல்லது ஹெராக்ளியா" என்றே எழுதுங்கள். மூன்றாவது, இத்தாலியிலிருந்த டிசினம். அதன் குறி வெறும் 'டி', முன்னால் பி, எஸ், டி வரும். அதைத் தெசலோனிக்கா என்று படித்துவிடுவார்கள். டிசினம் 326இல் மூடப்பட்டது, ஆகவே பின்பக்கப் படத்திலிருந்து 330 என்று காலம் கிடைத்திருந்தால் அந்தக் குழப்பமே வராது. வரிசையின் பலன் இதுதான்.

உருவத்துக்கு இடமும் வலமும் உள்ள வெளியில் புள்ளி, நட்சத்திரம், மாலை, தனி எழுத்து எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அரசரைக் கண்டுபிடிக்க அது தேவையில்லை, ஆனால் அட்டவணை எண் (10ஆம் பகுதியில் வரும்) அதைப் பொறுத்துத்தான் மாறும்.

7. தலையில் என்ன இருக்கிறது

இப்போதுதான் காசைத் திருப்புகிறோம். முகத்தை இன்னும் பார்க்க வேண்டாம், தலையணியை மட்டும் பாருங்கள்.

324, 325 வாக்கில் கான்ஸ்டன்டைன் இலைமுடியை விட்டுத் தலைப்பட்டைக்கு மாறினார். அதன் பிறகு பேரரசர்களுக்கு முத்து அல்லது பூ வைத்த தலைப்பட்டை, சீசர் பட்டம் பெற்ற இளவரசர்களுக்கு இலைமுடி என்பது பொதுவழக்கம். 350களில் கல்லஸ், ஜூலியன் இருவரும் சீசராக இருந்தபோது வெறுந்தலையோடுதான் இருப்பார்கள். தலை நெற்றிவரை மழுங்கியிருந்தாலும் பிடரியில் தொங்கும் இரண்டு நாடாவைத் தேடுங்கள். நாடா இல்லாமல் வழவழவென்று பிடரி இருந்தால் அவர்கள் இருவரில் ஒருவர்.

தாடியும் உதவும். இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் தாடி சாதாரணம். கான்ஸ்டன்டைனுக்குப் பின் தாடியோடு ஒருவர் வந்தால் முதலில் பேரரசரான ஜூலியனை நினையுங்கள்.

8. கடைசியாகப் பெயர்

சுற்றெழுத்து பெரும்பாலும் இடப்புறம் கீழே, கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்தில், தொடங்கி வலமாகச் சுற்றும். ஆனால் முடிவிலிருந்து தொடங்குங்கள். ஏ-வி-ஜி என்று முடிந்தால் பேரரசர். என்-ஓ-பி-சி என்றால் சீசர். இந்த ஒரு விவரமே பட்டியலைப் பாதியாக்கும். தொடக்கத்தில் வரும் டி-என், முடிவுக்கு முன் வரும் பி-எஃப் இரண்டும் எல்லோருக்கும் பொதுவான பட்டங்கள். அவற்றைப் பெயராக நினைத்து மூளையைக் கசக்க வேண்டாம்.

கான்ஸ்டன் குடும்பத்தைப் பிரிக்க எழுத்தை எண்ணுங்கள். லத்தீனில் கான்ஸ்டன்ஸ் 8 எழுத்து, கான்ஸ்டன்டியஸ் 11, கான்ஸ்டன்டைன் 12. முதல் ஏழு எழுத்தும் மூவருக்கும் ஒன்றே, ஆகவே பெயரின் முன்பாதி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை. வால்தான் வேண்டும். ஐ-வி-எஸ் என்று முடிந்தால் கான்ஸ்டன்டியஸ். ஐ-என்-வி-எஸ் என்று முடிந்தால் கான்ஸ்டன்டைன், அதற்குப் பின் எம்-ஏ-எக்ஸ் வந்தால் பெரும்பாலும் தந்தை, ஐ-வி-என் வந்தால் மகன்.

வாலென்ஸ், வாலென்டினியன் குழப்பத்துக்கு இடைவெளி கைகொடுக்கும். தலை நடுவில் வருவதால் வாசகம் இரண்டாக உடையும். வாலென்ஸ் பெயர் பெரும்பாலும் வி-ஏ-எல்-ஈ-என் என்று நின்று, தலைக்கு மறுபுறம் எஸ் எழுத்தோடு தொடரும். வாலென்டினியன் பெயர் நீளம், மறுபுறத்தில் ஏ-என்-வி-எஸ் வரும். எழுத்தே தேய்ந்துபோயிருந்தாலும் உடைப்பு எங்கே என்று தெரிந்தால் பெயரைச் சொல்லிவிடலாம்.

9. ஒரு காசை முழுதாகப் பார்ப்போம்

18 மில்லிமீட்டர், 2.4 கிராம், திசை 12. பின்பக்கத்தில் இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பம். அளவும் படமும் ஒத்துப்போகின்றன: 330 முதல் 335.

அந்த ஆண்டுகளில் பேரரசர் ஒருவர்தான், கான்ஸ்டன்டைன். சீசர்களாக அவர் மகன்கள் இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், 333 முதல் கான்ஸ்டன்ஸ், 335இல் சேர்ந்த டல்மாஷியஸ். ஆக ஐந்து பேர்.

அடிக்கோட்டுக்குக் கீழே எஸ்-எம்-என், அதன்பின் காமா. நடுக்கோடு சாய்வாகத் தெரிகிறது, நிக்கோமீடியா, மூன்றாம் பட்டறை. தலையில் இலைமுடி, தலைப்பட்டை இல்லை. தந்தை கழிந்தார், சீசர்கள் நால்வர் பாக்கி. சுற்றெழுத்தில் நோட்டில் எழுதியிருப்பது: எட்டுப் புள்ளி, ஐ-என்-வி-எஸ், ஐ-வி-என், அதன்பின் மீண்டும் புள்ளிகள். எட்டும் நான்கும் பன்னிரண்டு. சீசரான இரண்டாம் கான்ஸ்டன்டைன்.

பெயரின் முன்பாதி முழுக்க அழிந்த காசு இது. முகத்தில் தொடங்கியிருந்தால் ஓரமாகப் போட்டிருப்பார்கள்.

10. அட்டவணையில் எண்ணைத் தேடுவது

'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற பத்துத் தொகுதி அட்டவணைதான் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது. காலப்படி: ஆறாம் தொகுதி 294–313, ஏழாவது 313–337, எட்டாவது 337–364, ஒன்பதாவது 364–395, பத்தாவது 395–491. ஆறாவதிலிருந்து பெரும்பாலும் அக்கசாலை வாரியாகத்தான் அடுக்கியிருக்கிறார்கள். அக்கசாலை தெரியாமல் அரசர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புரட்டினால் நூற்றுக்கணக்கான பக்கம் புரட்ட வேண்டியிருக்கும்.

புத்தகம் வாங்க வேண்டியதில்லை. அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் 'ஓக்ரே' என்ற இணையத் தரவுத்தளம் இலவசம். முதலில் அக்கசாலையைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அரசர், அப்புறம் பின்பக்க வாசகத்தில் ஒரு சொல். வரும் சில பதிவுகளில் வெளிக்குறிகளை, அதாவது உருவத்தின் இருபுறமும் உள்ள குறிகளை, ஒப்பிடுங்கள். வாசகத்தின் உடைப்பு, தலையணி, உடை, வெளிக்குறி எல்லாம் பொருந்தினால்தான் எண். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த எண்ணை எழுதாதீர்கள்.

11. பிரதியும் போலியும்

இரண்டும் வேறு. ரோமக் காசுக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் பல இடங்களில் உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்து அடித்தார்கள். இலங்கையில் இப்படி உள்ளூரில் செய்த ரோம வடிவக் குட்டிக் காசுகள் நிறையக் கிடைத்துள்ளன. உருவம் கோடுகளாகச் சுருங்கியிருக்கும், எழுத்து வெறும் கீற்றுகளாக இருக்கும். இவை பழமையானவை, மதிப்புள்ளவை. தென்னிந்திய, இலங்கைக் காசு ஒன்றில் எழுத்து படிக்கவே வராவிட்டால், "தேய்ந்துவிட்டது" என்று சொல்வதற்கு முன், அடிக்கும்போதே அங்கே சரியான எழுத்து இருந்ததா என்று யோசியுங்கள். வலிந்து ஓர் அரசர் பெயரைச் சூட்டினால் உண்மையான செய்தி தொலைந்துபோகும்.

இன்றைய போலி பெரும்பாலும் வார்ப்பு. விளிம்பைச் சுற்றி லென்ஸில் பாருங்கள், அச்சு சேர்ந்த கோடோ அதை அரத்தால் அராவிய தடமோ இருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் அடி மழுங்கிய சோப்பு போன்ற தோற்றம். இவற்றைவிட உறுதியான சான்று ஒன்று உண்டு: இரண்டு காசுகள் எழுத்தில் மட்டுமன்றித் தகட்டின் வடிவத்திலும் தேய்மானத்திலும் விளிம்பு வெடிப்பிலும் ஒன்றாகவே இருப்பது. ஒரே அச்சில் அடித்த உண்மைக் காசுகளில் அப்படி நடக்காது. வாங்கும்போது ஒன்றைக் காட்டினால் "இதேபோல் வேறு இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

12. பதிவும் உறையும்

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு. கிடைத்த இடம், விட்டம், எடை, திசை, தெரிந்த எழுத்து புள்ளிகளோடு, படம், அக்கசாலை, அரசர், காலம், அட்டவணை எண். எந்தப் படி வரை உறுதியோ அதுவரை மட்டும் நிரப்புங்கள். "364–378, அரசர் தெரியவில்லை, கிழக்கு அக்கசாலை" என்பது நல்ல பதிவு. பல தேய்ந்த காசுகளுக்கு அதற்கு மேல் யாராலும் போக முடியாது.

மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், அது நாளடைவில் அமிலம் கசிந்து காசில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். அமிலமற்ற காகித உறை நல்லது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் கட்டாயம், மழைக்காலம் முடிந்ததும் அதை மாற்றிவிட்டு ஒவ்வொரு காசையும் லென்ஸில் ஒருமுறை பாருங்கள், வெளிர்பச்சை மாவு எங்கேயாவது தலைகாட்டியிருக்கிறதா என்று.